முதல் வகுப்பு அறை கேட்ட குடும்பம்: பினாங்கு அரசு மருத்துவமனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பம் எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவமனையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் அரசு மருத்துவமனைகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதல் வகுப்பு வார்டிலும் இருந்திருக்கிறேன், மூன்றாம் வகுப்பிலும் இருந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் யாராவது அட்மிட் ஆனால் எனக்கு ஃபோன் வந்துவிடும், அதில் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஆன்ட்டி, காசு கட்டினா தனி ரூம் கிடைக்குமா?" கிடைக்கும், சில சமயம். ஆனால் அந்த அறை எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

பின்னணி

பெரியவருக்கு 74 வயது. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், தனியார் கம்பெனியில் பல வருஷம் லாரி ஓட்டியவர், மனைவி இறந்த பிறகு பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார மருந்தகத்தில், மருந்து எடுத்துக்கொள்கிறார். காது மந்தம், வலது காதுக்கு மெஷின் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும். ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் பேப்பர் படிப்பார், நாலு நம்பர் லாட்டரி எடுப்பார், யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்பதைத் தேதியோடு சொல்வார். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

மகள் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, பாலத்தைத் தாண்டி கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். மகன் சிங்கப்பூரில் எஞ்சினியர். பெரியவருக்கு மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, கிடையாது. அரசாங்க வேலையில் இருந்தவர் இல்லை என்பதால் ஓய்வூதிய அட்டையோ, செலவை அரசாங்கம் ஏற்கும் என்று உறுதி சொல்லும் ஜி.எல். கடிதமோ கிடையாது, பிள்ளைகளும் அரசாங்கத்தில் இல்லை.

நம் அரசு மருத்துவமனையில் வகுப்பு என்பது என்ன

கதைக்குப் போகும் முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் குடும்பத்தில் நடந்த வாக்குவாதம் முழுவதும் இது தெரியாததால் வந்ததுதான்.

நம் மலேசிய நாட்டு அரசு மருத்துவமனைகளில் மூன்று வகுப்பு, பழைய காலத்து ஏற்பாடு. கட்டணங்களுக்கு அடிப்படை 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண உத்தரவு, இடையில் திருத்தங்கள் வந்திருக்கின்றன. மூன்றாம் வகுப்பு என்பது நாம் எல்லோரும் பார்த்த பொது வார்டு. ஒரு கியூபிக்கலில் ஆறு, எட்டு என்று கட்டில்கள், குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். வெளிநோயாளியாகப் போனால் 1 ரிங்கிட், ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 ரிங்கிட் என்பதெல்லாம் இந்த வரிசையில்தான் வருகிறது. இரண்டாம் வகுப்பில் கட்டில் குறைவு. முதல் வகுப்பில் ஒருவர் அறை, இருவர் அறை, அதற்கு மேல் ஆட்கள் இருக்கும் அறை என்று உள்ளேயே பிரிவு உண்டு. அதனால் முதல் வகுப்பு என்று கேட்டு வாங்கிவிட்டு, உள்ளே போய்ப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம், வகுப்பு மாறினால் கட்டில் வாடகை மட்டும் மாறுவதில்லை. பரிசோதனை, எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை, சிறு சிறு சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் அந்த வகுப்புக்கான கட்டணம்தான். முன்பணம் கட்ட வேண்டும், அதுவும் வகுப்புக்கு வகுப்பு வேறு. மாறாத ஒன்று உண்டு என்றால் அது டாக்டர். அதே எலும்பு மருத்துவக் குழு, அதே அறுவைக்கூடம், அதே வரிசை.

டாக்டரைத் தேர்ந்தெடுத்து முழுச் செலவையும் நாமே கட்டும் ஏற்பாடு தனி. அது முழுக் கட்டண நோயாளித் திட்டம், 2007இல் புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் தொடங்கியது. எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. 2025 பட்ஜெட்டில் அறிவித்த, சுகாதார அமைச்சின் ரக்கான் கேகேஎம் திட்டமும் அந்த வழியில் வருவதுதான், முதலில் சைபர்ஜெயா மருத்துவமனை என்றார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையை ஒட்டித் தனியார் ஸ்பெஷலிஸ்ட் சென்டர் ஒன்று இருக்கிறதே, அது இன்னொரு வகை. இவை எல்லாவற்றையும் சேர்த்து "காசு கட்டுற வார்டு" என்று ஒரே பெயரில் நாம் பேசிவிடுகிறோம்.

இதற்கு மேல், மகன் இருப்பது சிங்கப்பூரில். அங்கே அரசு மருத்துவமனையில் ஏ வகுப்பு எடுத்தால் தனி அறை, அரசாங்க மானியம் கிடையாது, டாக்டரை நாமே தேர்ந்தெடுக்கலாம். அவர் மனத்தில் இருந்த படம் அது. பினாங்கிலும் முதல் வகுப்பு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்பி வந்தார்.

வெள்ளி இரவிலிருந்து திங்கள் வரை

வெள்ளிக்கிழமை இரவு பெரியவர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை, இடது கால் கொஞ்சம் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. மகள் 999க்கு அழைத்தார். எமர்ஜென்சியில், உயிராபத்து இல்லாத அவசர நோயாளிகளுக்கான மஞ்சள் பகுதியில் வைத்துப் பார்த்தார்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. வார்டில் கட்டில் காலியாகும் வரை அந்த இரவு எமர்ஜென்சியிலேயே ஸ்ட்ரெச்சரில் கழிந்தது. மறுநாள் முற்பகல்தான் ஆண்கள் எலும்பு வார்டுக்கு மேலே ஏற்றினார்கள். தாதிகள் கவுண்டருக்கு எதிர் கியூபிக்கல், ஆறு கட்டில்.

சனிக்கிழமை மகன் வந்து சேர்ந்தார். வந்ததும் பார்த்தது: மின்விசிறி, பக்கத்துக் கட்டிலில் காலில் இரும்புக் கம்பி மாட்டிய ஓர் இளைஞன், எதிரே விடாமல் இருமும் ஒரு சீனக் கிழவர், கழிவறைக்கு வரிசை. மனுஷனுக்கு மனசு தாங்கவில்லை. "இவ்வளவு வருஷம் ஒழச்சவரு ஆன்ட்டி, இப்படிப் போட்டு வச்சிருக்காங்களே" என்று ஃபோனில் சொன்னார். அந்த வருத்தத்தில் தப்பே இல்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாக வரும், பணம் ஒன்றுதான் அவர்கள் கையில் உடனே கொடுக்கக்கூடியது.

முதலில் எடுக்க வேண்டியிருந்த முடிவு, தனியாருக்கு மாற்றுவதா இல்லையா என்பது. பினாங்குத் தீவில் தனியார் மருத்துவமனைக்குப் பஞ்சமே இல்லை, இந்தோனேசியாவிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். மகன் இரண்டு இடத்தில் விசாரித்தார். இரண்டு இடத்திலும் சொன்ன தொகை முப்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது, ஐ.சி.யூ. தேவைப்பட்டால் அது தனிக் கணக்கு. இடுப்பு முறிவில் முதியவர்களைச் சீக்கிரம் அறுவை செய்துவிட வேண்டும், ஒன்றிரண்டு நாளுக்குள் முடிந்தால் நல்லது என்பதுதான் பொதுவான மருத்துவ வழிகாட்டல். கிடந்த கிடையில் நாள் போகப் போக நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் இரத்தக் கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். இங்கே மயக்க மருந்து டாக்டர் ஏற்கெனவே பார்த்து, இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லி, திங்கள் பட்டியலில் பெயரும் போட்டிருந்தார். இடம் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. நான் சொன்னது, "தம்பி, இப்ப தேதிதான் முக்கியம், ரூம் அப்புறம் பாத்துக்கலாம்." அங்கேயே இருப்பது என்று முடிவானது.

திங்கள் மதியம் அறுவை நடந்தது, பாதி இடுப்பு மூட்டு மாற்று. செயற்கை மூட்டுக்கான தொகையைக் குடும்பம் தனியாகக் கட்டியது. இதைக் கட்ட முடியாதவர்கள் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைக் கேட்கலாம், வருமானத்தைப் பார்த்து உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் ஊரெல்லாம் கடன் வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறை ஏன் உடனே கிடைக்கவில்லை

சனிக்கிழமையே மகன் முதல் வகுப்பு அறை கேட்டுவிட்டார். பதில், "பெனுஹ்," அதாவது இடமில்லை, நிறைந்துவிட்டது. அந்தப் பிரிவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய ஒருவர் அறைகள் மிகக் குறைவு. ஒன்றில் ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி ஒருவர், தன் பதவித் தரப்படி உரிமை உள்ளவர், ஜி.எல். கடிதத்தோடு வந்தவர். இன்னொன்றில் இருந்தவரைப் பற்றித்தான் சண்டை. அவர் மூன்றாம் வகுப்பு நோயாளி, கட்டுவது 3 ரிங்கிட், ஆனால் தனி அறையில் இருக்கிறார். மருந்துக்கு எளிதில் மடங்காத கிருமித் தொற்று புண்ணில் இருந்ததால் தனிமைப்படுத்தியிருந்தார்கள்.

மகனுக்கு ஏறிவிட்டது. காசு கட்டத் தயாராக இருப்பவனுக்கு இல்லை, கட்டாதவனுக்கு ரூமா? தாதியர் தலைவி, எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரு மலாய் அம்மா, குரலை உயர்த்தாமல் சொன்னாராம்: அந்த ஆளை உங்கள் அப்பாவின் பக்கத்துக் கட்டிலில் கொண்டுவந்து போடட்டுமா?

சிஸ்டர் சொன்னதுதான் விதி. அரசு மருத்துவமனையில் தனி அறைக்கு முதல் உரிமை நோயின் தேவைக்கு. தொற்று உள்ளவர், நோய் எதிர்ப்புச் சக்தி அறவே போனவர், கடைசி நேரத்தில் இருப்பவர், இவர்களுக்குப் பிறகுதான் கட்டணம். பணம் கட்டி உள்ளே போனவரைக்கூட, தேவை வந்தால் வெளியே மாற்றுவார்கள், நானே மாற்றியிருக்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஹோட்டல் மாதிரி முன்கூட்டி புக்கிங் எல்லாம் கிடையாது. பெயரை எழுதிக்கொள்வார்கள், காலியானால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் குறை உண்டு. யார் பெயர் முன்னால், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது நோயாளி பக்கம் நிற்பவர்களுக்குத் தெரிவதே இல்லை, அதனால் ஆள் தெரிந்தால் கிடைக்கும் என்ற பேச்சு ஓயாது. ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டாலே பாதி சண்டை குறையும்.

அறை கிடைத்தது

செவ்வாய் பிற்பகல் அந்த அதிகாரி வீட்டுக்குப் போனார். அறை காலி என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியவருக்கு அறுவை முடிந்து ஒரு நாள். தையல் நன்றாக இருந்தது, இரத்தம் ஒரு பாக்கெட் ஏற்றியிருந்தார்கள், சிறுநீருக்கு டியூப் இருந்தது. பகலில் தூங்கித் தூங்கி விழுந்தார். திங்கள் இரவு மட்டும் இரண்டு தடவை லாரிச் சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். மயக்க மருந்தின் வேலை என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை, மகளிடம் காது மெஷினையும் கண்ணாடியையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். அவருக்கு அந்த வாரம் ஷிஃப்ட் மாறியிருந்தது, உடனே முடியவில்லை.

அறையை எடுப்பதா வேண்டாமா என்று அப்போது யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, எடுத்தாகிவிட்டது. சிஸ்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: ராத்திரி யார் கூட இருப்பீர்கள்? மகன், "நான் இருக்கேன்" என்றார். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அறை நன்றாகத்தான் இருந்தது. குளிர்சாதனம், சொந்தக் கழிவறை, சாய்வு நாற்காலி. வார்டின் கோடியில், கவுண்டரிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கதவு மூடிய அறை. பெண்ணும் இரவு தங்கலாம் என்பது ஒரு வசதி. ஆண்கள் பொது வார்டில் மகளை இரவில் விடமாட்டார்கள், இங்கே பிரச்சினை இல்லை. முதல் இரண்டு இரவும் மகன் கூடவே இருந்தார். அப்பா எழ முயன்றபோதெல்லாம் பிடித்துப் படுக்க வைத்தார். கால்மாட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று அப்பா சொன்னதையும் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்ததையும் அவர் தாதிகளிடம் சொல்லவில்லை. "வயசானவரு, வலியில உளறுறாரு" என்று நினைத்துக்கொண்டார். தன்னால் சமாளிக்க முடிந்ததால் சொல்லத் தோன்றவில்லை. பகல் நேரத்தில் டாக்டர் சுற்றி வரும்போது பெரியவர் அமைதியாகத் தலையாட்டுவார், வலி இல்லை என்பார், சுற்று முடிந்துவிடும்.

மூன்றாம் இரவு

வியாழன் மாலை மகன் சிங்கப்பூருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மகளுக்கு இரவு ஷிஃப்ட், மறுநாளிலிருந்து லீவு கிடைத்திருந்தது. ஒரே ஒரு இரவுதானே, தனி அறை, மணி அடித்தால் மிஸ்ஸி, அதாவது தாதி, வருவார்கள் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

மணியை அடிக்க, மணி என்று ஒன்று இருப்பது நினைவில் இருக்க வேண்டும். அதிகாலை மூன்றரை போல வழக்கமான சுற்றுக்கு வந்த தாதி கதவைத் திறந்தபோது, பெரியவர் கட்டிலின் பக்கத்துக் கம்பியைத் தாண்டி ஒரு காலை வெளியே போட்டிருந்தார். டிரிப் பிடுங்கிக் கிடந்தது, சிறுநீர் டியூபை இழுத்ததில் இரத்தம், போர்வை நனைந்திருந்தது. வண்டியைக் கிளப்ப வேண்டும், கேட்டை மூடிவிடுவான் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஷிஃப்டில் தமிழ் பேசும் தாதி யாரும் இல்லை. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் புது மூட்டோடு தரையில் விழுந்திருப்பார். அந்த மூட்டு நழுவியிருந்தால் மறுபடியும் அறுவைகூடத் தேவைப்பட்டிருக்கலாம்.

டாக்டர் வந்து பார்த்து டெலிரியம் என்று எழுதினார். இது பைத்தியமும் இல்லை, மறதி நோயும் இல்லை. இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் அடிக்கடி வரும் திடீர்க் குழப்ப நிலை. பகலில் மந்தம், இரவில் முழிப்பு, நேரத்துக்கு நேரம் மாறும். வலி, தொற்று, மலச்சிக்கல், டியூப், தூக்கமின்மை, காது கேட்காதது, கண் தெரியாதது, புது இடம் என்று எல்லாம் சேர்ந்து தூண்டிவிடும். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருந்தது தெரிந்தது.

திரும்பவும் கியூபிக்கலுக்கு

வெள்ளி காலை சிஸ்டர் மகளிடம் பேசினார். இரண்டு வழி: இனி ஒவ்வொரு இரவும் குடும்பத்தில் ஒருவர் கண்டிப்பாக அறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கவுண்டருக்கு எதிர்க் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். மகள் எனக்கு ஃபோன் செய்தார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: அடுத்த ஏழு நாளும் ராத்திரி யார் இருப்பது என்று உன்னால் இப்போதே பெயர் சொல்ல முடியுமா? முடியவில்லை. மாற்றச் சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரில் இருந்த மகனுக்கு இது தெரிந்தபோது பெரிய ரகளை. காசு கட்டியும் கவனிக்காமல் விட்டார்கள், இப்போது பொது வார்டில் தூக்கிப் போடுகிறார்கள் என்று புகார்க் கடிதம் எழுதவே உட்கார்ந்துவிட்டார். அவரோடு நான் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. முதல் வகுப்புக்கென்று தனித் தாதி யாரும் வருவதில்லை. அந்த வார்டில் இரவில் இருக்கும் அதே இரண்டு மூன்று பேர்தான் அறையையும் பார்க்கிறார்கள், கியூபிக்கலையும் பார்க்கிறார்கள். கியூபிக்கலில் இருப்பவர் கவுண்டரில் உட்கார்ந்து எழுதும்போதும் கண்ணில் படுவார், அறையில் இருப்பவர் கதவைத் திறந்தால்தான் தெரிவார். கட்டணம் வாங்கித் தருவது கதவும் குளிரும் கழிவறையும். அந்தக் கதவுதான் இங்கே பிரச்சினை. "அப்போ எதுக்குத்தான் அந்த ரூம்?" என்று கேட்டார். புத்தி தெளிவாக இருக்கும் ஆளுக்கு, தூங்க வேண்டியவருக்கு, குழந்தை பெற்றவளுக்கு, கூட ஆள் இருக்கிற வீட்டுக்கு அது நல்ல அறை என்றேன். சாகும் தறுவாயில் இருந்த தாயை அப்படி ஓர் அறையில் வைத்து, பேரப்பிள்ளைகள் மாறி மாறித் தேவாரம் பாடி அனுப்பிவைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் கட்டிய ஒவ்வொரு காசும் தகும். உங்கள் அப்பாவுக்கு இந்த வாரம் அது சரிப்படவில்லை.

கியூபிக்கலில் பக்கத்துக் கட்டில் இளைஞன் இன்னும் இருந்தான். மோட்டார் சைக்கிள் விபத்து, சுங்கை பாக்காப்பைச் சேர்ந்த தமிழ்ப் பையன், கால் எலும்புக்கு வெளியே கம்பி போட்டிருந்ததால் நாளெல்லாம் படுக்கைதான், இரவில் தூங்கமாட்டான், கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பான். பெரியவர் கம்பியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தால், "தாத்தா, வண்டி வர்க்‌ஷாப்ல இருக்கு, காலைலதான் வரும், படுங்க" என்பான், அப்படியே "மிஸ்ஸி!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். சொந்த மகனுக்கே இந்தப் பதில் தோன்றவில்லை. லாரி ஓட்டினவருக்கு லாரிப் பேச்சு.

ஆனால் கட்டில் மாறியதால்தான் சரியானார் என்று நான் எழுத மாட்டேன். அதே நாளில் சிறுநீர் டியூபை எடுத்தார்கள், தொற்றுக்கு மருந்து தொடங்கினார்கள், வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தார்கள், மகள் காது மெஷினையும் கண்ணாடியையும் தமிழ்ப் பேப்பரையும் கொண்டுவந்தார். பிசியோதெரபி ஆட்கள் பகலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஞாயிறு இரவு பெரும்பாலும் தூங்கினார். திங்கள் காலை, நேற்று என்ன நம்பர் விழுந்தது என்று கேட்டார்.

பில்

வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு, இரண்டாம் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லில் மகனுக்கு ஒரு அதிர்ச்சி இருந்தது, பெரிய தொகை என்பதால் இல்லை. தனியார் சொன்னதோடு ஒப்பிட்டால் மொத்தமும் சிறு பகுதிதான். அறையில் இருந்த நாட்களில் எடுத்த இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, பிசியோ எல்லாம் முதல் வகுப்புக் கட்டணத்தில் தனித்தனி வரியாக இருந்தன. அவர் கட்டில் வாடகையை மட்டும் நாட்களால் பெருக்கி வைத்திருந்தார். கட்டண கவுண்டரில் உட்கார்ந்து, எந்தத் தேதியிலிருந்து எந்த வகுப்பு என்று கேட்டு எழுதி வாங்கினோம். மாற்றத்தின்போது அவரே கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் காட்டினார்கள். மலாயில் இருந்தது, படித்துப் பார்க்கவில்லை, அந்த நேரத்தில் யார் படிப்பார்கள்.

எதை மாற்றலாம்

குடும்பம் பக்கம் முதல் மாற்றம், அறை கேட்கும் முன் அறை எதற்கு என்பதைத் தங்களுக்குள் பேசிக்கொள்வது. இந்த வீட்டில் உண்மையான குறை மூன்று: வெயிலில் வெந்து போகிறார், கழிவறைக்கு வரிசை, மகள் கூடத் தங்க முடியவில்லை. முதலாவதுக்கு ஒரு சிறு விசிறி போதும். இரண்டாவது, கட்டிலை விட்டு எழவே முடியாதவருக்கு அன்றைக்குப் பிரச்சினையே இல்லை. மூன்றாவது மட்டும்தான் அறையால் தீரக்கூடியது, அதற்கும் மகளுக்கு லீவு கிடைத்திருக்க வேண்டும். மகன் முதல் வாரத்திலேயே வந்து இரண்டு இரவில் தன் லீவைச் செலவழித்ததற்குப் பதிலாக, அண்ணனும் தங்கையுமாக ஒரு அட்டவணை போட்டிருந்தால் அறையே பொருத்தமாக இருந்திருக்கும்.

அடுத்தது, இரவில் கூட இருப்பவர் கண்டதைச் சொல்ல வேண்டும். "நேத்து ராத்திரி வேற ஆளா இருந்தாரு" என்ற ஒரு வரி போதும், டாக்டருக்கு அது எக்ஸ்ரேயை விடப் பெரிய தகவல். காது மெஷின், கண்ணாடி, பல் செட் மூன்றையும் முதல் நாளே பையில் போட வேண்டும். கட்டணத்தைப் பற்றிக் கட்டண கவுண்டரில் கேட்க வேண்டும், வார்டுத் தாதிக்கு அந்தக் கணக்கு தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னாலும் நம்பாதீர்கள்.

வார்டு பக்கமும் சொல்ல இருக்கிறது. அறுவை முடிந்த 74 வயதுக்காரர், முந்தின இரவு சாவி தேடியவர், அவரைக் கோடி அறைக்கு அனுப்பும் முன் குழப்ப நிலை இருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்திருக்கலாம். சிஸ்டரின் கேள்வி சரியான கேள்விதான், ஆனால் எத்தனை இரவு என்பதையும் கேட்டு, பெயரோடு குறிப்பேட்டில் எழுதியிருந்தால், வியாழன் மாலை மகன் பையைத் தூக்கியபோது யாராவது நிறுத்தியிருப்பார்கள்.

பிறகு

மகன் புகார்க் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை, மாற்றி எழுதினார். கவனிக்கவில்லை என்ற பகுதியை எடுத்துவிட்டு, முதல் வகுப்பில் எது கிடைக்கும் எது கிடைக்காது, கூட யார் இருக்க வேண்டும், எந்தெந்தக் கட்டணம் மாறும் என்பதை நான்கு மொழியிலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக்கு முன்பே கொடுங்கள் என்று கேட்டு, அரசாங்கத்தின் சிஸ்பா புகார்த் தளத்தில் போட்டார். பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. தாள் இன்னும் வரவில்லை.

அறைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் மிச்சம் இருந்ததைக் கொண்டு குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் போட்டார்கள், முதல் மாதம் பகலில் ஓர் ஆளையும் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் பெரியவர் கைத்தடியோடு நடந்து போனார். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அடுத்து வலது கண்ணுக்குக் கேட்டராக்ட் தேதி வந்திருக்கிறது. இந்த முறை மகன் ரூம் பற்றிக் கேட்டதற்கு மகள் சொன்ன பதில், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம், நீ லீவு மட்டும் போடு.